ஏசி போட்டா மட்டும் போதுமா? மழை ஈரத்தில் நமத்துப் போகும் நூலகப் பொக்கிஷங்கள்!

தஞ்சாவூர்:-

ஐப்பசி பிறந்து விட்டால் டெல்டா மாவட்ட வீடுகளில் முதலில் கெடுவது அப்பளம். டப்பாவை எவ்வளவு இறுக்கி மூடினாலும் நமத்துப் போகும். உப்பு ஜாடி தண்ணீர் விடும். தீக்குச்சி பத்து கிழித்தாலும் பற்றாது. மரக்கதவு நிலையோடு பிடித்துக் கொண்டு மூட மாட்டேன் என்று அடம் பிடிக்கும்.

அதே ஈரம் தான் நூலக அலமாரிக்குள்ளும் சத்தம் போடாமல் நுழைகிறது. அப்பளம் போனால் பத்து ரூபாயோடு போச்சு. 300 வருஷத்து ஓலைச்சுவடி போனால் யாரிடம் போய் வாங்குவது? அதில் ஒரே பிரதி மட்டும் மிஞ்சியிருக்கும் நூலும் உண்டு என்பது தான் இந்த விவகாரத்தில் வயிற்றைக் கலக்கும் சங்கதி.

தஞ்சை அரண்மனை வளாகத்துக்குள் இருக்கும் சரஸ்வதி மகால் நூலகத்தைத் தெரியாதவர்கள் இந்தப் பக்கம் இருக்க முடியாது. நாயக்க மன்னர்கள் காலத்தில் தொடங்கி, மராட்டிய மன்னர்கள் காலத்தில் பெருகிய நூலகம். 1798 முதல் 1832 வரை இருந்த இரண்டாம் சரபோஜி மன்னருக்குப் புத்தகம் என்றால் உயிர். காசிக்கு யாத்திரை போன இடத்திலும் பண்டிதர்களை வைத்துச் சுவடிகளைப் பிரதி எடுக்கச் செய்தவர். ஐரோப்பாவில் இருந்து இங்கிலீஷ், பிரெஞ்சு, ஜெர்மன் புத்தகங்களை ஆயிரக்கணக்கில் வரவழைத்து, அதில் தன் கையெழுத்தையும் போட்டு வைத்தார். 1918-ல் இந்த நூலகம் பொதுமக்களுக்குத் திறந்து விடப்பட்டது. ஓலையும் காகிதமுமாக சுமார் 49 ஆயிரம் சுவடிகள் இங்கே உள்ளன. சமஸ்கிருதம், தமிழ், மராத்தி, தெலுங்கு என்று பல மொழி. வைத்தியம், ஜோதிடம், இசை, நாட்டியம், யானை வைத்தியம் வரை எல்லாம் அடக்கம்.

இப்படிப்பட்ட பொக்கிஷம் காவிரி பாயும் ஊரில் இருக்கிறது. சித்திரையில் வெயில் மண்டையைப் பிளக்கும். ஐப்பசி, கார்த்திகையில் காற்றைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும் போல இருக்கும். காய்ந்தால் ஓலை முறியும், நனைந்தால் பூசணம் பிடிக்கும். இரண்டுக்கும் நடுவில் நிறுத்தி வைப்பது தான் நூலகக்காரர்களின் தலைவலி.

எமன் எங்கே இருக்கிறான்?

புத்தகத்துக்கு எமன் யார் என்று கேட்டால் கரையான் என்பார்கள், எலி என்பார்கள். வயதானவர்கள் ராமபாணப் பூச்சி என்பார்கள். ராமர் விட்ட அம்பு ஏழு மரத்தைத் துளைத்துக் கொண்டு போனது போல, அட்டையில் நுழைந்து அடுத்த அட்டையில் வெளியே வருகிற பூச்சிக்கு நம்ம ஆட்கள் வைத்த பெயர் அது. பொருத்தமான பெயர் தான்.

ஆனால் பூச்சியை வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பது ஈரமும் வெப்பமும். காற்றில் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி சில நாட்கள் அப்படியே நின்றால் போதும், காகிதத்தில் பூசணம் கிளம்பி விடும். கரையானுக்கும் ஈரம் தான் வேண்டும். வெள்ளிப்பூச்சிக்கும் அது தான் வேண்டும். ஈரத்தை அடக்கி விட்டால் பாதிப் பூச்சி மருந்து இல்லாமலே போய் விடும்.

இன்னொரு பக்கம் வெப்பம். காகிதமும் ஓலையும் மெதுவாக வேகிற சோறு மாதிரி. சூடு கூடினால் சீக்கிரம் நைந்து போகும். அறையின் வெப்பம் ஐந்து டிகிரி குறைந்தால் காகிதத்தின் ஆயுள் தோராயமாக இரண்டு மடங்கு ஆகும் என்பது பாதுகாப்புத் துறை வல்லுநர்கள் சொல்லும் கணக்கு. அதனால் தான் 15 முதல் 25 டிகிரிக்குள் வெப்பமும், 40 முதல் 60 சதவீதத்துக்குள் ஈரப்பதமும் இருந்தால் நல்லது என்று வழிகாட்டுகிறார்கள்.

இதை விட முக்கியம் ஒன்று உண்டு. ஏறி ஏறி இறங்கக் கூடாது. இன்று 45 சதவீதம், நாளை 80, மறுநாள் 50 என்று ஆடினால் காகிதம் உப்பும், சுருங்கும், மறுபடி உப்பும். தைத்த நூல் தளரும், ஒட்டிய பசை விடும், ஓலை விரிசல் விடும். ஒரே அளவில் 60 சதவீதம் நிற்பது, இப்படி ஊஞ்சல் ஆடுவதை விட எவ்வளவோ மேல்.

பாட்டன் காலத்து அறிவு

மெஷின் எதுவும் இல்லாத காலத்தில் என்ன செய்தார்கள்? ஓலையைப் பாடம் செய்து, இரண்டு பக்கமும் மரச்சட்டம் வைத்து, துளை வழியாகக் கயிறு கோர்த்து இறுக்கிக் கட்டினார்கள். மேலே துணியைச் சுற்றினார்கள். பார்ப்பதற்குச் சாதாரணமாகத் தெரியும். ஆனால் வெளியே ஈரம் தடாலென்று ஏறினாலும் அந்தக் கட்டுக்குள் மெதுவாகத் தான் ஏறும். சட்டமும் துணியும் ஈரத்தை முதலில் தாங்கள் வாங்கிக் கொள்ளும். இன்றைக்கு வெளிநாடுகளில் நல்ல அட்டைப் பெட்டி செய்து புத்தகத்தை அதற்குள் வைக்கிறார்களே, அதே வேலை தான்.

பல வீடுகளில் சுவடிகளை அடுப்புக்கு மேலே பரணில் வைத்தார்கள். புகை பட்டுப் பூச்சி அண்டாது, அடுப்புச் சூட்டில் ஈரமும் தங்காது. கரி படிந்தால் துடைத்துக் கொள்ளலாம். எழுத்தாணியால் கீறிய எழுத்து என்பதால் துடைத்தால் அழியாது, மறுபடி மை தடவினால் பளிச்சென்று தெரியும். இந்த வசதி காகிதத்துக்குக் கிடையாது.

சரஸ்வதி மகாலில் வசம்பு, கருஞ்சீரகம், லவங்கப்பட்டை, மிளகு, கிராம்பு ஆகியவற்றை இடித்து, கற்பூரம் சேர்த்து, சின்னச் சின்னத் துணி முடிச்சாகக் கட்டிச் சுவடிகளுக்குப் பக்கத்தில் வைக்கும் பழக்கம் உண்டு. பிள்ளை பெற்ற வீட்டில் வசம்பு இருப்பது போல, சுவடி இருக்கும் வீட்டிலும் வசம்பு இருந்திருக்கிறது. காய்ந்து விறைத்த ஓலைக்கு எலுமிச்சைப் புல் எண்ணெய் தடவி வளைந்து கொடுக்க வைக்கிறார்கள். இதிலும் அளவு வேண்டும். எண்ணெய் அதிகமானால் தூசு ஒட்டும், ஓலையோடு ஓலை பிடித்துக் கொள்ளும்.

ஆனால் அந்தக் காலத்தை ரொம்பவும் தூக்கி வைத்துக் கொண்டாட வேண்டியதும் இல்லை. செல்லரித்த சுவடிகளை ஆடிப்பெருக்கு அன்று ஆற்றில் விட்ட கதையும் இதே மண்ணில் நடந்தது தான். உ.வே.சாமிநாதய்யர் ஊர் ஊராக அலைந்து சுவடி தேடிய போது, கரிவலம்வந்தநல்லூர் கோவிலில் பழைய ஏடுகளை நெருப்பில் போட்டு விட்டார்கள் என்று கேட்டு நொந்து போனதை அவரே எழுதி வைத்திருக்கிறார். பூச்சியும் ஈரமும் தின்றது பாதி என்றால், அலட்சியம் தின்றது மீதி.

ஏசி என்ற மாயை

இப்போது எந்த அதிகாரியிடம் கேட்டாலும் ஒரே பதில் தான் வரும். "ஏசி போட்டுடலாம்." இங்கே தான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

சோடா கடையில் ஐஸ் பெட்டிக்குள் இருந்து கலர் பாட்டிலை எடுத்து வெளியே வைத்தால் என்ன ஆகும்? பாட்டில் முழுக்க வேர்த்துக் கொட்டும். பாட்டிலுக்கு உள்ளே இருந்து வந்த தண்ணீர் இல்லை அது. காற்றில் இருந்த ஈரம், குளிர்ந்த கண்ணாடியைத் தொட்டதும் தண்ணீராக மாறி விட்டது.

நூலகத்தில் காலை பத்து மணிக்கு ஏசியைப் போட்டு, சாயங்காலம் ஐந்தரைக்கு "கரண்ட் பில் ஏறுது" என்று நிறுத்தி விட்டுப் பூட்டிக் கொண்டு போனால் இதே கதை தான். பகல் முழுக்கக் குளிர்ந்த சுவர், இரும்பு அலமாரி, புத்தக அட்டை எல்லாவற்றின் மீதும் ராத்திரி ஈரக் காற்று வந்து உட்காரும். சுவர் ஓரமாகச் சாய்த்து வைத்த புத்தகத்தின் முதுகில் ஈரம் இறங்கும். ஒரு மழைக்காலம் போதும், கறுப்பும் பச்சையுமாகப் பூசணம் கிளம்பி விடும். இப்படிப் பகலில் மட்டும் ஓடும் ஏசியை விட, ஏசியே இல்லாத அறை மேல்.

இன்னொரு சூட்சுமமும் இருக்கிறது. காற்று குளிர்ந்தால் அதற்கு ஈரத்தைத் தாங்கும் சக்தி குறையும். வெளியே அடைமழை, உள்ளே சாதாரண ஏசி என்றால், அறை ஜில்லென்று ஆனதும் மெஷின் அடிக்கடி நின்று விடும். அப்போது ஈரம் வெளியேறாது. வெப்பமானி 24 டிகிரி என்று காட்டும், பார்ப்பவர்களுக்குத் திருப்தி. ஈரப்பதமோ 70-க்கு மேல் நிற்கும். ஈரத்தை உறிஞ்ச தனி மெஷின் உண்டு. மழைக்காலத்தில் ஏசியை விட அது தான் புத்தகத்துக்கு அவசியம். ஈரம் எவ்வளவு என்று காட்டும் சின்னக் கருவி சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. லட்ச ரூபாய் மெஷினை வாங்கி மாட்டி விட்டு, சில நூறு ரூபாய் கருவியை வாங்காமல் விடுவது என்ன கணக்கோ!

செலவையும் பார்க்க வேண்டும். ஒன்றரை டன் ஏசி முழுமூச்சாக ஓடினால் மணிக்குச் சுமார் ஒன்றரை யூனிட் இழுக்கும். ராத்திரி பகலாக, வருஷம் 365 நாளும், பல அறைகளில் ஓட வேண்டும் என்றால் யார் கட்டுவது? பணக்கார நாடுகளே யோசிக்க ஆரம்பித்து விட்டன. 2014-ல் உலக அளவிலான இரண்டு பாதுகாப்பு வல்லுநர் அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட அறிவிப்பில், ஏசி தான் வழி என்று முடிவு கட்டிக் கொண்டு வேலையைத் தொடங்க வேண்டாம், அந்தந்த ஊர் பருவநிலைக்கு ஏற்ற எளிய வழிகளைப் பாருங்கள் என்று சொல்லி விட்டார்கள். கனமான சுவர், இரட்டைக் கூரை, நிழல், காற்றோட்டம் ஆகியவற்றைக் கவனிக்கச் சொல்கிறார்கள். செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்து முழ அகலத்துக்கு மேல் சுவர் எழுப்பிய அரண்மனைக்காரர்களுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

கஜா சொன்ன பாடம்

2018 நவம்பர் 16-ந்தேதி அதிகாலை கஜா புயல் கரை கடந்ததை டெல்டா ஜனங்கள் மறக்க மாட்டார்கள். நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களில் மின்கம்பங்கள் கொத்துக் கொத்தாகச் சாய்ந்தன. பல கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை.

காற்றே புகாத கண்ணாடி அறை கட்டி, ஏசியை மட்டும் நம்பிப் புத்தகத்தை வைத்தவன் அந்த நாட்களில் என்ன செய்வான்? ஜன்னலைத் திறக்க முடியாத அறைக்குள் ஈரமும் சூடும் சேர்ந்து கொண்டால் அது பூசணம் வளர்க்கும் பண்ணை தான். கடலோர மாவட்டத்தில் நூலகம் கட்டும் இன்ஜினீயர், கரண்ட் இல்லாத பத்து நாளையும் சேர்த்துத் தான் வரைபடம் போட வேண்டும்.

நம்ம காசு, நம்ம புத்தகம்

சரஸ்வதி மகாலுக்காவது பேர் இருக்கிறது, பார்க்க ஆட்கள் வருகிறார்கள். தெருமுனைக் கிளை நூலகத்தை யார் பார்ப்பது?

சுதந்திர இந்தியாவிலேயே முதன்முதலாகப் பொது நூலகச் சட்டம் கொண்டு வந்தது பழைய சென்னை மாகாணம், 1948-ல். அந்தச் சட்டப்படி தான் சொத்து வரியோடு நூலக வரியும் வசூல் ஆகிறது. வீட்டு வரி ஒரு ரூபாய் என்றால் நூலகத்துக்குப் பத்து பைசா. சொந்த வீட்டுக்காரர் நேராகக் கட்டுகிறார், வாடகைக்கு இருப்பவர் வாடகையோடு சேர்த்துக் கட்டுகிறார். ஆக, நூலகத்தில் இருக்கும் ஒவ்வொரு புத்தகத்திலும் கொத்தனாருக்கும் ஆட்டோ டிரைவருக்கும் பங்கு இருக்கிறது.

சென்னை கோட்டூர்புரத்தில் 2010-ல் அண்ணா நூற்றாண்டு நூலகம் வந்தது. மதுரையில் 2023-ல் கலைஞர் நூற்றாண்டு நூலகம் வந்தது. இரண்டும் பல மாடி, முழுக்க ஏசி. நல்லது தான், வரட்டும். ஆனால் வாடகைக் கட்டிடத்தில், ஒழுகும் கூரைக்குக் கீழே இருக்கிற சின்ன நூலகத்துக்கு ஏசி கேட்டு யாரும் அழவில்லை. அங்கே தேவைப்படுவது வேறு. மழைக்கு முன்னால் மொட்டை மாடிக் குழாயில் அடைத்த இலையை எடுக்க ஒரு ஆள். அலமாரியைச் சுவரில் இருந்து நான்கு விரல் தள்ளிப் போடுவது. கீழ்த் தட்டைத் தரையில் இருந்து அரை அடி உயர்த்துவது. அடைமழை நாளில் ஜன்னலை மூடி, மழை விட்டு வெயில் அடிக்கும் நாளில் திறந்து விடுவது. மின்விசிறியை ஓட விடுவது. ஜன்னல் வழியாகப் புத்தக முதுகில் நேரடியாக வெயில் விழாமல் ஒரு திரை. இதற்கு டெண்டர் விட வேண்டாம், திறப்பு விழாவும் வேண்டாம். அதனால் தானோ என்னவோ யாரும் கவனிப்பதும் இல்லை.

காகித விஷயத்தில் ஒரு வேடிக்கையும் உண்டு. பழைய புத்தகம் தான் சீக்கிரம் கெடும் என்று நினைப்போம். அப்படி இல்லை. 18-ம் நூற்றாண்டில் துணிக்கூழில் செய்த காகிதம் இன்னும் வளைந்து கொடுக்கும். 1850-க்குப் பிறகு வந்த மரக்கூழ் காகிதத்தில் படிகாரச் சத்து கலந்ததால் அமிலம் ஊறி, தானாகவே பழுத்து, அப்பளம் போல நொறுங்குகிறது. மாலைப் பேப்பரை நாலு நாள் வெயிலில் போட்டால் மஞ்சள் ஆகிறதே, அதே நோய். 50, 60 வருஷத்துக்கு முந்தைய மலிவு விலைத் தமிழ் நாவல்கள், சினிமா பாட்டுப் புத்தகங்கள், நாடக நோட்டீசுகள் எல்லாம் இந்த வகை. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாள் முழுக்கச் சேர்த்து வைத்தது இப்படிப்பட்ட சரக்கைத் தான். அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கி, சென்னையிலேயே நூலகமாக 1994-ல் ஏற்படுத்தியது. அங்கே நுண்படச் சுருளில் படம் பிடித்து வைத்தார்கள். பாட்டுப் புத்தகத்தை யார் படிப்பார்கள் என்று எடைக்குப் போட்ட காலத்தில், ஒருவர் சேர்த்து வைத்ததால் பிழைத்தது அது.

இப்போது கம்ப்யூட்டரில் ஸ்கேன் எடுத்து ஏற்றும் வேலையும் நடக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் யார் வேண்டுமானாலும் செல்போனிலேயே பழைய புத்தகங்களைப் படிக்கலாம், காசு கிடையாது. ஆனால் "ஸ்கேன் எடுத்தாச்சே, அப்புறம் எதுக்கு ஒரிஜினல்?" என்று கேட்பது ஆபத்து. ஸ்கேன் எடுத்த டிஸ்க் பத்து வருஷத்தில் மண்டையைப் போடலாம். சட்டத்துக்குள் ஒழுங்காக இருந்த ஓலை 300 வருஷம் தாண்டி நிற்கிறது.

ஈரத்தை அடக்கினாலும் திருடனை அடக்க வேண்டும் என்பது தனிக்கதை. தரங்கம்பாடியில் ஜீகன்பால்கு அச்சிட்ட 1715-ம் வருஷத்துத் தமிழ் பைபிள், சரஸ்வதி மகால் அருங்காட்சியகத்தில் இருந்து 2005-ல் காணாமல் போனது. 2022-ல் தான் அது லண்டனில் ஒரு சேகரிப்பில் இருப்பதைச் சிலை கடத்தல் தடுப்புப் பிரிவு போலீசார் கண்டுபிடித்தனர். 290 வருஷம் நம்ம ஊர் வெயிலையும் ஈரத்தையும் தாங்கிய புத்தகம், கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்து களவு போனது தான் கொடுமை.

நனைந்து விட்டால்?

வெள்ளம் வந்து புத்தகம் நனைந்தே விட்டது என்றால் கையில் இருப்பது 48 மணி நேரம் தான். அதற்கு மேல் பூசணம் முந்திக் கொள்ளும். பதறிப் போய் பக்கம் பக்கமாகப் பிரித்தால் கிழியும். கொளுத்தும் வெயிலில் காயப் போட்டால் முறுக்கிக் கொள்ளும். நாலைந்து புத்தகம் என்றால் நிழலில், மின்விசிறிக்குக் கீழே, இடையிடையே அச்சில்லாத வெள்ளைத் தாள் வைத்து, தாள் ஈரமாக ஈரமாக மாற்றிக் கொண்டே இருக்க வேண்டும்.

ஆயிரக்கணக்கில் நனைந்தால் கையால் ஆகாது. 1986-ல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் மத்திய நூலகத்தில் தீப்பிடித்த போது 4 லட்சம் புத்தகங்கள் சாம்பலாயின. தண்ணீரிலும் புகையிலும் சிக்கிய 7 லட்சம் புத்தகங்கள் மிஞ்சின. நனைந்தவற்றை உணவுப் பொருள் வைக்கும் குளிர்பதனக் கிடங்குகளுக்குக் கொண்டு போய் உறைய வைத்து விட்டார்கள். உறைந்த புத்தகத்தில் பூசணம் வளராது, நிதானமாகப் பிறகு உலர்த்திக் கொள்ளலாம். பூச்சி அரித்த புத்தகத்தையும் பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி, மைனஸ் 20 டிகிரியில் ஒன்றிரண்டு வாரம் வைத்தால் பூச்சி, முட்டை எல்லாம் காலி. விஷ மருந்து எதுவும் தெளிக்க வேண்டியதில்லை.

நாகையில் இருந்து ராமேசுவரம் வரை கடலோரம் முழுக்க மீன் குளிர்பதனக் கிடங்குகள் நிற்கின்றன. புயல் வந்தால் எந்த நூலகத்துப் புத்தகத்தை எந்தக் கிடங்குக்கு எடுத்துப் போவது என்று மழைக்கு முன்பே ஒரு பேச்சு பேசி வைத்தால் செலவு எதுவும் இல்லை. புயலுக்கு ஜெனரேட்டர், மணல் மூட்டை, படகு என்று பட்டியல் போடும் கூட்டங்களில் புத்தகத்துக்கும் ஒரு வரி சேர்க்கலாம்.

வீட்டுப் பத்திரத்துக்கும் பட்டாவுக்கும் பிள்ளைகளின் மார்க் ஷீட்டுக்கும் இதே கணக்கு தான். மழைக்காலம் பொறுப்பதற்குள் வெளிச்சுவரை ஒட்டிய பீரோவை நாலு விரல் நகர்த்தி வைத்து, கீழ்த்தட்டில் கிடக்கும் கட்டை மேல் தட்டுக்கு மாற்றுவது ஒரு மணி நேர வேலை. பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேஷன் போடுவது மட்டும் வேண்டாம். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்க முடியாது, உள்ளே ஈரம் மாட்டிக் கொண்டால் எழுத்தோடு சேர்ந்து காகிதமும் போகும்.